ஒளிக்கும் வலக்கை, இடக்கை இருக்கா? தன் அம்புக்குறியே மறுத்த உண்மையைக் கணித்த பாயிண்டிங்

சுழன்று வரும் ஒளி, தான் படும் பொருளையும் சுழற்றுமா? 1909-ல் சுழற்றும் என்றார் ஒரு பிரிட்டிஷ் பேராசிரியர். எவ்வளவு என்றும் கணக்குப் போட்டார். அதை அளந்து பார்க்க அவருக்கு ஆயுள் போதவில்லை. ஜான் ஹென்றி பாயிண்டிங் யார்? அவர் கணக்கில் இருந்த சிக்கல் என்ன?

3டி படத்துக்குப் போனால் ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுப்பார்கள். பல தியேட்டர்களில் அந்தக் கண்ணாடி செய்யும் வேலை ரொம்ப சிம்பிள். வலப்பக்கமாகச் சுழன்று வரும் ஒளியை ஒரு கண்ணுக்கும், இடப்பக்கமாகச் சுழன்று வரும் ஒளியை இன்னொரு கண்ணுக்கும் அனுப்புகிறது. இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு படம் போவதால் திரையில் ஆழம் தெரிகிறது.

ஒளி எப்படிச் சுழலும்? ஒளி ஒரு மின்காந்த அலை. அதில் மின்புலம் என்று ஒன்று துடித்துக்கொண்டே இருக்கும். சில சமயம் அது மேலும் கீழுமாக ஒரே கோட்டில் துடிக்கும். சில சமயம் கடிகார முள் மாதிரி சுற்றிக்கொண்டே முன்னே போகும். இதற்கு வட்டத் தளவிளைவு என்று பெயர். ஸ்க்ரூவின் புரி மாதிரி இதிலும் இரண்டு ரகம்தான்: வலக்கை, இடக்கை. எதை வலக்கை என்று சொல்வது என்பதில் ஒளியியல்காரர்களுக்கும் ரேடியோ இன்ஜினியர்களுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஒருவர் வலக்கை என்பதை மற்றவர் இடக்கை என்பார். அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.

விஷயம் இதுதான். ஸ்க்ரூ சுழன்றால் மரத்தைத் திருகும். ஒளி சுழன்றால் எதையாவது திருகுமா?

பெயரே அம்புக்குறியா?

கல்லூரியில் இயற்பியல் படித்தவர்களுக்குப் பாயிண்டிங் வெக்டர் தெரிந்திருக்கும். மின்காந்த ஆற்றல் எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று காட்டும் அம்புக்குறி அது. திசையைச் சுட்டிக்காட்டுவதால்தான் இந்தப் பெயர் என்று நினைக்கும் மாணவர்கள் நிறைய பேர். உண்மையில் அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்று. இப்படி ஒரு பொருத்தம் அறிவியலில் அபூர்வம்.

ஜான் ஹென்றி பாயிண்டிங் 1852 செப்டம்பர் 9-ம் தேதி இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருகே உள்ள மான்டனில் பிறந்தார். அப்பா யூனிடேரியன் சபைப் போதகர். பள்ளிக்கூடமும் நடத்தினார். அதனால் பையனின் ஆரம்பப் படிப்பு அப்பாவிடமே. பிறகு மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரி, அங்கிருந்து கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி. 1876-ல் கணிதத் தேர்வில் மூன்றாம் இடம். மீண்டும் ஓவன்ஸ் கல்லூரிக்கு வேலைக்கு வந்தபோது அங்கே ஒரு இளைஞர் நண்பரானார். அவர்தான் பின்னாளில் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே.தாம்சன். இருவரும் சேர்ந்து எழுதிய இயற்பியல் பாடநூல்கள் ரொம்ப காலம் ஓடின.

1878-ல் டிரினிட்டியின் ஃபெலோ ஆனார். கேவெண்டிஷ் ஆய்வகத்தில் வேலை செய்தார். அந்த ஆய்வகத்தின் தலைவர் அப்போது ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். ஒளி என்பதே மின்காந்த அலைதான் என்று எழுதிக் காட்டியவர். ஒளி படும் இடத்தை மிக லேசாகத் தள்ளும் என்றும் 1873-லேயே சொன்னவர். அடுத்த ஆண்டே மேக்ஸ்வெல் இறந்துவிட்டார். ஆனால் அந்த இரண்டு யோசனைகளும் பாயிண்டிங்கை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

1880-ல் பர்மிங்காமில் புதிதாகத் தொடங்கிய மேசன் அறிவியல் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். அதே ஆண்டு கல்யாணமும் ஆனது. அந்தக் கல்லூரி 1900-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகமானது. கடைசிவரை அவர் அங்கேதான்.

கம்பிக்குள் ஓடாத கரண்ட்

1884-ல், 31 வயதில் அவர் வெளியிட்ட கட்டுரைதான் பெயர் வாங்கித் தந்தது. பேட்டரியிலிருந்து பல்புக்கு ஆற்றல் எந்த வழியாகப் போகிறது? கம்பிக்குள்ளே, குழாயில் தண்ணீர் மாதிரி என்றுதான் எல்லோரும் நினைப்போம். மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை வைத்து பாயிண்டிங் வேறு பதில் சொன்னார். மின்புலமும் காந்தப்புலமும் எங்கெல்லாம் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கின்றனவோ, அங்கெல்லாம் ஆற்றல் அவை இரண்டுக்கும் செங்குத்தான திசையில் ஓடும். அப்படிப் பார்த்தால் ஆற்றல் ஓடுவது கம்பியைச் சுற்றியுள்ள வெளியில். கம்பி சூடாவதுகூட, வெளியிலிருந்து பக்கவாட்டில் உள்ளே நுழையும் ஆற்றலால்தான்.

இன்றைக்கும் யூடியூபில் இந்த விஷயத்துக்கு அடிதடி நடக்கிறது. ஏறக்குறைய அதே சமயத்தில் தந்தித் துறையிலிருந்து வந்த ஆலிவர் ஹெவிசைடும் தனியாக இதே முடிவுக்கு வந்தார். பெயர் மட்டும் பாயிண்டிங்குக்கு நிலைத்துவிட்டது.

அதே 1884-ல் கோதுமை விலை, பருத்தி, பட்டு இறக்குமதி ஏற்ற இறக்கங்களைப் பற்றியும் அவர் ஒரு புள்ளிவிவரக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஒரே விஷயத்தில் அடங்கும் ஆள் இல்லை.

பூமியை எடை போட்ட கை

ஒளியின் திருகல் கதைக்கு வருவதற்கு முன்னால் இந்த மனிதரின் பொறுமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பூமியின் சராசரி அடர்த்தி என்ன என்று சாதாரணத் தராசை வைத்தே கண்டுபிடிக்கக் கிளம்பினார். தராசின் இரண்டு பக்கமும் தலா 20 கிலோவுக்கு மேல் எடை. கீழே 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஈயக் கலவை உருண்டை. அந்த உருண்டையை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்த்தினால், அதன் ஈர்ப்பால் தராசு துளியூண்டு சாயும். அந்தச் சாய்வுதான் அளவு.

இதில் ஒரு வில்லங்கம். கனமான உருண்டை இடம் மாறும்போது ஆய்வகத்தின் தரையே லேசாகச் சாய்ந்தது. அது தராசைக் கெடுத்தது. அவர் பாதி எடையில் இன்னொரு உருண்டையை, இரட்டிப்புத் தூரத்தில் எதிர்ப்பக்கம் வைத்துத் தரையைச் சமன் செய்தார். மான்செஸ்டரில் ஆரம்பித்த வேலை முடிந்து 1891-ல் வெளிவர 10 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கிடைத்த விடை, தண்ணீரைப் போல 5.49 மடங்கு. இன்றைய மதிப்பு 5.51. 1893-ல் கேம்பிரிட்ஜின் ஆடம்ஸ் பரிசு இதற்குத்தான்.

இவ்வளவு நுட்பமாக அளக்கத் தெரிந்த ஒருவர், பின்னாளில் ஒளியின் திருகலை அளப்பது கஷ்டம் என்று சொன்னார் என்றால், அது சோம்பலில் வந்த பேச்சு அல்ல.

ஒளி தள்ளுகிறது

ஒளி தள்ளும் என்ற மேக்ஸ்வெல்லின் கணிப்பை 1900-களின் தொடக்கத்தில் ரஷ்யாவில் லெபெதேவும், அமெரிக்காவில் நிக்கோல்ஸ், ஹல் இருவரும் சோதனையில் அளந்துவிட்டார்கள். பாயிண்டிங் அடுத்த கேள்விக்குப் போனார். சாய்வாக விழும் ஒளி பக்கவாட்டிலும் தள்ளுமா? 1904 வாக்கில் கை பார்லோ என்பவருடன் சேர்ந்து, தள்ளுகிறது என்று காட்டினார். ஒளியை வெளியே விடும் பொருள் துப்பாக்கி மாதிரி பின்னால் உதைபடும் என்பதையும் இருவரும் ஆராய்ந்தார்கள்.

இதே கணக்கைச் சூரியக் குடும்பத்துக்கும் போட்டார். சூரியனைச் சுற்றும் சிறு தூசுகள், ஒளி பட்டுப் பட்டே வேகம் குறைந்து, மெல்ல மெல்லச் சூரியனை நோக்கிச் சுருண்டு விழும் என்று 1903-ல் சொன்னார். 1937-ல் ராபர்ட்சன் அதைச் சார்பியல்படி சரிசெய்தார். இன்று அதற்கு பாயிண்டிங்-ராபர்ட்சன் விளைவு என்று பெயர். செவ்வாயில் ஆள் இருக்கிறது என்று நம்பிய பெர்சிவல் லோவலின் வெப்பநிலைக் கணக்கையும் அவர் விடவில்லை. காற்று மண்டலம் வெப்பத்தைப் பிடித்து வைப்பதற்குக் கண்ணாடி வீட்டை உவமையாகச் சொன்ன ஆரம்பகாலத்து ஆட்களில் இவரும் ஒருவர்.

தள்ளும் ஒளி, சாய்ந்து உதைக்கும் ஒளி... அப்போ திருகும் ஒளி?

1909: ஒரு ஷாஃப்ட்டும் ஒரு ஒளிக்கற்றையும்

லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால், முன்னால் இருந்து பின் சக்கரத்துக்கு ஒரு நீண்ட ஷாஃப்ட் போகும். இன்ஜின் இந்த முனையில் திருக, அந்த முனையில் சக்கரம் ஓடும். ஷாஃப்ட் வழியாகப் போவது ஆற்றல் மட்டுமில்லை; திருகலும் கூடவே போகிறது. 1909-ல் ராயல் சொசைட்டியில் வெளியான கட்டுரையில், வட்டத் தளவிளைவு உள்ள ஒளியை இப்படிச் சுழலும் ஷாஃப்ட்டோடு ஒப்பிட்டார் பாயிண்டிங்.

விடை ஆச்சரியமான அளவுக்குச் சுருக்கமாக வந்தது. ஒளியின் தள்ளுவிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அலைநீளத்தால் பெருக்கி, 2 பை-யால் வகுங்கள். அதுதான் திருப்புவிசை. வலக்கை ஒளி என்றால் ஒரு பக்கம், இடக்கை ஒளி என்றால் எதிர்ப்பக்கம்.

எவ்வளவு இருக்கும்? 1 வாட் பச்சை ஒளியைக் கறுப்புத் தகட்டில் விட்டால் தள்ளுவிசை ஒரு மைக்ரோகிராமில் மூன்றில் ஒரு பங்கு எடை அளவுதான். அந்த எடையைத் தொங்கவிடும் கொம்பின் நீளம் சுமார் 80 நானோமீட்டர். அதாவது தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு குட்டிக் கொம்பில் இவ்வளவு துளி எடை. அவ்வளவுதான் திருகல். ஒளியின் விசைகளோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய பாயிண்டிங், இதை அளந்துவிட முடியும் என்று தனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை என்று கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டார்.

ரஷ்யப் பேரரசில் சடோவ்ஸ்கி என்பவர் சுமார் 10 ஆண்டுகள் முன்பே இந்த விளைவைக் கணித்திருந்தார். ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது பாயிண்டிங்கின் ஷாஃப்ட்டைத்தான்.

இங்கேதான் ட்விஸ்ட்

பாயிண்டிங் இந்தக் கணக்கை 1884-ல் தான் கண்டுபிடித்த அம்புக்குறியிலிருந்து போடவில்லை. ஷாஃப்ட் உவமையிலிருந்து போட்டார். அம்புக்குறியிலிருந்து போட்டுப் பார்த்தால் என்ன வரும்?

பரந்து விரிந்த, எல்லையே இல்லாத ஒரு வட்டத் தளவிளைவு அலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பாயிண்டிங் அம்பு எல்லா இடத்திலும் நேராக முன்னே மட்டும் காட்டும். பக்கவாட்டில் ஆற்றல் ஓட்டம் பூஜ்யம். கோண உந்தம் வேண்டுமென்றால் ஏதாவது ஒன்று அச்சைச் சுற்றி ஓட வேண்டுமே? ஓட்டமே இல்லையே? பாயிண்டிங்கின் அம்பு, பாயிண்டிங்கின் திருகலை மறுத்தது. இந்த முரண்பாடு பல பத்தாண்டுகள் இயற்பியல் ஆட்களை வாதாட வைத்தது.

சிக்கல் எல்லையே இல்லாத என்ற சொல்லில்தான் இருக்கிறது. நிஜ ஒளிக்கற்றைக்கு ஓரம் உண்டு. நடுவில் பிரகாசம், ஓரம் போகப் போக மங்கல்.

தரையில் நிறைய பம்பரங்களை நெருக்கி நெருக்கி விட்டதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே பக்கமாகச் சுழல்கின்றன. பக்கத்துப் பக்கத்துப் பம்பரங்கள் தொடும் இடத்தில், ஒன்றின் விளிம்பு மேலே போனால் மற்றதன் விளிம்பு கீழே போகும். இரண்டும் ரத்து. நடுவில் எங்கே பார்த்தாலும் ரத்துதான். ஆனால் கூட்டத்தின் கடைசி வரிசையில், வெளிப்பக்கத்து விளிம்பை ரத்து செய்ய அடுத்த பம்பரம் இல்லை. அங்கே மட்டும் ஒரு ஓட்டம் மிஞ்சும். வெளியிலிருந்து பார்த்தால் கூட்டத்தின் ஓரத்தைச் சுற்றி ஒரு சுழல் ஓடுவது போலத் தெரியும்.

சுழலும் ஒளியிலும் இதுதான் கதை. பிரகாசம் குறையும் இடங்களில் பாயிண்டிங் அம்பு கொஞ்சம் பக்கவாட்டில் சாயும். அந்தச் சாய்வையெல்லாம் கூட்டினால், 1909-ன் ஷாஃப்ட் கணக்கு சொன்ன அதே அளவு கிடைக்கிறது. கையை மாற்றினால் ஓரத்து ஓட்டம் எதிர்ப்பக்கம் திரும்பும். இதற்குத்தான் இன்று தற்சுழற்சி ஓட்டம் என்று பெயர். ஒரு விசேஷம் என்னவென்றால், இந்த ஓட்டம் ஆற்றலை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. சுற்றிச் சுற்றி வரும், அவ்வளவே. இருந்தாலும் திருகல் நிஜம்.

அளந்தவர்கள்

பாயிண்டிங்குக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் 1921-22-ல்தான் வந்தது. அதற்கு முன் அந்த நோய்க்குச் சரியான மருந்தே கிடையாது. 1914 மார்ச் 30-ம் தேதி பர்மிங்காமில், 61 வயதில் இறந்தார். 1905-ல் ராயல் பதக்கம், இயற்பியல் சங்கத் தலைவர் பதவி எல்லாம் பார்த்துவிட்டார். தன் சமன்பாட்டுக்குச் சோதனைச் சாட்சி கிடைத்ததை மட்டும் பார்க்கவில்லை.

இதற்குள் குவாண்டம் வந்துவிட்டது. ஒளி துகள்களாகவும் வரும் என்றால், பாயிண்டிங் சூத்திரப்படி ஒவ்வொரு துகளுக்கும் எவ்வளவு திருகல்? அலைநீளம், நிறம் எல்லாம் அடிபட்டுப் போய், பிளாங்க் மாறிலியை 2 பை-யால் வகுத்த மதிப்பு மட்டும் மிஞ்சுகிறது. சிவப்போ நீலமோ, எல்லாத் துகளுக்கும் ஒரே அளவு. குவாண்டம் இல்லாமல் எழுதிய கட்டுரையிலிருந்து இப்படி ஒரு விடை!

இதில் ஒரு தமிழர் தொடர்பும் உண்டு. திருச்சியில் பிறந்த சி.வி.ராமன், நோபல் வாங்கிய அடுத்த ஆண்டே, 1931-ல், கொல்கத்தாவில் எஸ்.பகவந்தத்துடன் சேர்ந்து ஒளிச் சிதறல் அளவீடுகளை வைத்து, ஒளித்துகளுக்குத் தற்சுழற்சி உண்டு என்று வாதிடும் கட்டுரையை வெளியிட்டார். ஆனால் அது மூலக்கூறுகளின் வழியே வந்த சாட்சி. ஒளி ஒரு பொருளைத் திருகுவதை நேராகப் பார்ப்பது பாக்கி இருந்தது.

1936-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ரிச்சர்ட் பெத் அதைச் செய்தார். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு குவார்ட்ஸ் தட்டு தொங்கியது. வலக்கை ஒளியை இடக்கை ஒளியாக மாற்றும் தட்டு அது. கையை மாற்றும்போது ஒளியின் திருகல் தலைகீழாகும். அதற்கு ஈடாகத் தட்டு உதைபட வேண்டும். ஒளியைத் திருப்பி அனுப்பி, அதே தட்டு வழியாக இரண்டாவது தடவையும் விட்டார். விளைவு இரட்டிப்பானது. தட்டு திரும்பிய திசையும் அளவும் கணக்கோடு பொருந்தின. பாயிண்டிங் போய் 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பம்பரமும் செக்கு மாடும்

கதை இதோடு முடியவில்லை. 1992-ல் நெதர்லாந்தின் லைடனில் லெஸ் ஆலனும் சக ஆய்வாளர்களும் இன்னொரு வகைத் திருகலைச் சுட்டிக்காட்டினார்கள். ஒளியின் மின்புலம் சுழலாமல் நேர்கோட்டில் துடித்தாலும் பரவாயில்லை, அலைமுகமே சுருள் படிக்கட்டு போல முறுக்கியிருந்தால் அந்த ஒளிக்கும் கோண உந்தம் உண்டு. இங்கே பாயிண்டிங் அம்புகள் அச்சைச் சுற்றி நிஜமாகவே சுருண்டு போகின்றன. நட்டநடுவில் இருட்டு, சுற்றிலும் வடை மாதிரி வளையம்.

முதல் வகை, நின்ற இடத்தில் சுழலும் பம்பரம். இரண்டாவது வகை, மையத்தைச் சுற்றி வரும் செக்கு மாடு. முதல் வகையில் ஒரு துகளுக்கு ஒரே ஒரு பங்கு திருகல்தான், வலம் அல்லது இடம். இரண்டாவது வகையில் முறுக்கைக் கூட்டக் கூட்ட இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று ஏறும். ஒளியின் கையை மாற்றினால் பம்பர ஓட்டம் மட்டும் திரும்பும். செக்கு ஓட்டம் பாட்டுக்கு அதன் வழியில் போகும். சாதாரண ஒளிக்கற்றைக்கு இது பொருந்தும். சக்தி வாய்ந்த லென்ஸால் ரொம்ப நெருக்கமாகக் குவித்தால் மட்டும் பம்பரத்தில் கொஞ்சம் செக்காக மாறிவிடும்.

2007-க்குப் பிறகு உக்ரைனின் பெக்ஷாயேவ், சோஸ்கின், பிரிட்டனின் மைக்கேல் பெர்ரி ஆகியோர் பாயிண்டிங்கின் ஒரே அம்பை இப்படி இரண்டு அம்பாகப் பிரித்து எழுதினார்கள். வெறும் கணக்கு விளையாட்டா இது? இல்லை என்பதற்குச் சோதனைகளே இருக்கின்றன. 1998-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், தூசு அளவு கால்சைட் துணுக்கை லேசரில் பிடித்து வைத்து, வட்டத் தளவிளைவு ஒளியால் நொடிக்கு 300 சுற்றுக்கு மேல் சுழற்றினார்கள். அளக்க முடியும் என்று பாயிண்டிங்குக்குப் பெரிய நம்பிக்கை தராத அதே திருகல், பொருள் சிறியதானதும் போதுமானதாகிவிட்டது.

2002-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஆலன், பேட்ஜெட் குழு முறுக்கிய ஒளியின் வளையத்தில், அச்சிலிருந்து தள்ளி ஒரு சிறு துகளை வைத்தது. வட்டத் தளவிளைவு கொடுத்தபோது துகள் நின்ற இடத்திலேயே தன்னைத் தானே சுற்றியது. அலைமுகத்தின் முறுக்கு கொடுத்தபோது வளையத்தோடு ஒளிக்கற்றையின் மையத்தைச் சுற்றி வந்தது.